வாடகைக்கு ஆளா, வளர்த்த பிள்ளையா?

2015 ஏப்ரல் 4. இண்டியானாபொலிஸில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அரையிறுதி. நம்மூரில் ஞாயிறு விடியற்காலை. கென்டக்கி அந்த சீசனில் 38 ஆட்டம் ஆடி முப்பத்தெட்டிலும் ஜெயித்துவிட்டு வந்திருந்தது. எதிரில் விஸ்கான்சின். ஆட்டம் முடிய சில நிமிடங்கள் இருக்கும்போது 60-56 என்று கென்டக்கி முன்னால். அப்போதைய விதிப்படி பந்து கைக்கு வந்த 35 விநாடிக்குள் கூடைக்கு எறிந்தாக வேண்டும். அந்த வருஷமே நாலு பேரை என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றுக்கு அனுப்பப்போகும் கென்டக்கி, அடுத்தடுத்து மூன்று முறை அந்த 35 விநாடியைத் தின்றுவிட்டுப் பந்தைப் பறிகொடுத்தது. முடிவு: விஸ்கான்சின் 71, கென்டக்கி 64. (ஸ்கோரை 60-60 ஆக்கிய விஸ்கான்சின் கூடையும் நேரம் முடிந்தபிறகு எறிந்ததுதான். நடுவர்கள் கவனிக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

கல்லூரி கோச்சுக்கு ஆள் சேர்ப்பதுதான் பாதி வேலை. அதில் உள்ளூர்ப் பையனை எடுப்பதா, நாடு முழுக்க வலை வீசுவதா என்ற சண்டையைப் பார்க்க இந்த ஆட்டத்தைவிட நல்ல இடம் கிடைக்காது.

அப்போது கென்டக்கியின் கோச் ஜான் கலிபாரி. 2006 டிராஃப்டிலிருந்து என்பிஏ பள்ளிப் பையன்களை நேராக எடுப்பதில்லை. 19 வயதாக வேண்டும், பள்ளி முடித்து ஒரு வருஷம் ஓட வேண்டும். அந்த ஒரு வருஷத்துக்கு இடம் தேடும் நட்சத்திரங்களை அவர் வாரிக்கொண்டார். நியூ ஜெர்சியிலிருந்து கார்ல்-ஆன்டனி டவுன்ஸ், டெக்சாஸிலிருந்து ஹாரிசன் இரட்டையர், மிசிசிப்பியிலிருந்து டெவின் புக்கர். கென்டக்கி மண்ணில் பிறந்து வளர்ந்த டொமினிக் ஹாக்கின்ஸும் டெரெக் வில்லிஸும் பெஞ்சில். உள்ளூர் மாடு உள்ளூரில் விலை போகாது என்பது கென்டக்கி பல்கலைக்கழகம் இருக்கும் லெக்சிங்டனுக்கும் பொருந்தும் போல.

அப்போது விஸ்கான்சினின் கோச் போ ரயன். அன்றைக்கு இறங்கிய ஐந்து பேரில் மூன்று பேர் அதே மாநிலம்: ஷெபாய்கனின் சாம் டெக்கர், லா கிராஸின் பிரான்சன் கேனிக், போர்ட் வாஷிங்டனின் ஜாஷ் காஸர். அணியின் உயிர்நாடியான ஃபிராங்க் கமின்ஸ்கி இல்லினாய்க்காரர். ஆனால் அவர் வீடு சிகாகோ புறநகரில், விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இருக்கும் மாடிசனிலிருந்து சில மணி நேரக் கார் தூரம். கோச்சுகள் உள்ளூர் என்று சொல்வதும் கிட்டத்தட்ட இந்த அளவைத்தான். மாநில எல்லையைவிட, அப்பா அம்மா காரை எடுத்துக்கொண்டு வந்து மேட்ச் பார்த்துவிட்டு ராத்திரியே வீடு திரும்ப முடியுமா என்பதுதான் கணக்கு.

அந்தக் கமின்ஸ்கி முதல் வருஷம் ஆட்டத்துக்குச் சராசரியாக 1.8 புள்ளி எடுத்தார். இரண்டாம் வருஷம் 4.2. நாலாம் வருஷம் 18.8, நாட்டின் சிறந்த வீரர் விருது. உள்ளூர்ப் பையனின் மதிப்பு எனக்கு இங்கேதான் தெரிகிறது. மண் பாசம், ஜெர்சிப் பெருமை எல்லாம் டிக்கெட் விற்க உதவும். கோச்சுக்கு வேண்டியது இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தும் கோபித்துக்கொண்டு போகாத பையன். வீடு பக்கத்தில் இருப்பவன் அப்படிக் காத்திருக்க வாய்ப்பு அதிகம்.

கென்டக்கிக்கே இது தெரிந்த கதைதான். 1989-இல் விதிமீறலுக்காக இரண்டு வருஷம் தேசியப் போட்டிக்குத் தடை விழுந்தபோது சில நட்சத்திரங்கள் வேறு கல்லூரிக்குக் கிளம்பினார்கள். ஃபார்மர், ஃபெல்ட்ஹாஸ், பெல்ஃப்ரி என்ற மூன்று கென்டக்கிப் பையன்களும் இண்டியானாபொலிஸின் ஷான் வுட்ஸும் தங்கினார்கள். 1992-இல் டியூக் பல்கலைக்கழகத்திடம் 104-103 என்று கடைசி விநாடியில் தோற்றார்கள். தோற்றும் அவர்கள் ஜெர்சிகளை அரங்கக் கூரையில் தொங்கவிட்டது கென்டக்கி. 2012-இல் கலிபாரி கோப்பை வென்ற அணியிலும், முதலாண்டுப் பையன்களுக்கு நடுவே பெஞ்சிலிருந்து எழுந்து வந்த டேரியஸ் மில்லர் மேஸ்வில் ஊர்க்காரர். நாலு வருஷம் இருந்தவர்.

இதையெல்லாம் வைத்து உள்ளூரே ஜெயிக்கும் என்று எழுதிவிடலாம்தான். ஆனால் அந்த அரையிறுதிக்கு இரண்டு நாள் கழித்து இறுதியில் விஸ்கான்சின் டியூக்கிடம் 68-63 என்று தோற்றது. டியூக் எடுத்த 68-இல் 60 புள்ளி நாலு முதலாண்டுப் பையன்கள் போட்டது. நாலு பேரும் நாலு மாநிலம். அவர்களில் மூன்று பேர் அந்தக் கோடையிலேயே என்பிஏ போய்விட்டார்கள். வாடகைக்கு ஆள் பிடிக்கிற வேலை எங்களிடம் இல்லை என்ற ரீதியில் அன்று ராத்திரி ரயன் பேசினார். வயிற்றெரிச்சல் என்று பலர் சிரித்தார்கள். கோப்பை வாடகைதாரர்கள் கையில்தானே இருந்தது.

உள்ளூரை நம்ப உள்ளூரில் சரக்கும் இருக்க வேண்டும். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகக் கோச் டாம் இசோவுக்குப் பக்கத்தில் ஃப்ளின்ட் இருந்தது. கார் தொழிற்சாலைகள் மூடிக்கொண்டே போன ஊர், கூடைப்பந்து மட்டும் குறையவில்லை. அங்கிருந்து வந்த மட்டீன் கிளீவ்ஸ், மாரிஸ் பீட்டர்சன், சார்லி பெல் மூவரும் 2000-இல் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் ஃப்ளின்ட் இல்லாத கோச், வலையைத் தூரமாக வீசுவதைத் தவிர என்ன செய்வார்?

இப்போது கணக்கே மாறிவிட்டது. 2021-இலிருந்து ஒரு வருஷம் வெளியே உட்காராமலே கல்லூரி மாறலாம். விளம்பரப் பணமும் வாங்கலாம். காத்திருக்கும் பொறுமைதான் உள்ளூர்ப் பையனின் பலம் என்றேன். இந்தக் காலத்தில் அவனும் ஏன் காத்திருக்க வேண்டும்? கென்டக்கி மாநிலப் பள்ளிக் கூடைப்பந்தில் இதுவரை யாரும் எடுக்காத அளவு புள்ளி எடுத்த டிராவிஸ் பெரி, 2024-இல் ஊர் கொண்டாட கென்டக்கியில் சேர்ந்தார். ஒரே சீசன். 2025-இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆட இடம் கிடைக்கிற பக்கம் போவதுதான் இருபது வயதுக்கு நியாயம்.

அதே கதவு உள்பக்கமும் திறக்கும். ஃபுளோரிடாவின் லேக் வேல்ஸ் ஊர்க்காரர் வால்டர் கிளேட்டன். முதலில் வீட்டை விட்டு ரொம்ப தூரம், நியூயார்க் மாநிலத்தில் அயோனா என்ற சின்னக் கல்லூரிக்குப் போனார். இரண்டு வருஷம் கழித்து, 2023-இல், ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். இன்னொருவர் ஆட்டம் கற்றுக்கொடுத்து அனுப்பிய உள்ளூர்ப் பையன். என்னைக் கேட்டால் ஒரு கோச் இன்று தேட வேண்டிய ஆள் இவர்தான். வேறு ஊர் போன பக்கத்து ஊர்ப் பையனுடன் முகம் முறித்துக்கொள்ளாமல் இருந்தால் போதும். 2025 இறுதி ஆட்டம், ஹூஸ்டனுக்கு எதிராக. ஃபுளோரிடா 65-63 என்று முன்னால், சில விநாடிகள் மிச்சம். ஹூஸ்டனின் எமானுவல் ஷார்ப் மூன்று புள்ளிக்கு எழும்பினார். கிளேட்டன் கையை உயர்த்தி அவர்மேல் பாய்ந்துவிட்டார். எறிந்தால் தடுக்கப்படும் என்று ஷார்ப் பந்தை நடுவில் கீழே விட்டார். தானே மறுபடி தொட்டால் தப்பாட்டம். பந்து தரையில் குதித்துக்கொண்டிருக்க, நேரம் ஓடியது.