செரினிட்டி: புதியவர்களுக்கும் கதவு திறந்த படம்

2002-இல் 14 பகுதிகளோடு நின்றுபோன ‘ஃபயர்ஃப்ளை’ என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் தொடர்ச்சியாக 2005-இல் வந்த படம் ‘செரினிட்டி’. தொடரைப் பார்க்காதவர்களுக்காக இயக்குநர் ஜாஸ் வீடன் செய்த ஏற்பாட்டை மனதாரப் பாராட்டுகிறேன். விண்கப்பல் தரையிறங்கும் பதற்றத்துக்கு நடுவே, வெட்டே தெரியாத ஒரு நீண்ட காட்சியில், கேப்டன் மால் ஒவ்வொருவரிடமும் பேசிக்கொண்டே நடக்கிறார். அறிமுகம் முடிந்துவிடுகிறது, பழைய ரசிகருக்கோ பிறந்த வீட்டுக்கு வந்த மகிழ்ச்சி.

ஆனால் பாதிரியார் புக்கை ஓரங்கட்டியதை என்னால் ஏற்கவே முடியவில்லை. தொடரில் அவருடைய கடந்தகாலம் மெல்ல மெல்ல வளர்ந்த புதிர். இங்கே கொஞ்ச நேரம் வந்து இறந்துபோகிறார். புதியவர்களுக்கு அது வெறும் கதைத் திருப்பம்தான். (விமானி வாஷின் மரணம் அப்படியல்ல, நெஞ்சை அடைத்துவிட்டது.) மிராண்டா கிரகத்தைப் பற்றிய விளக்கத்தைச் சற்றே சுருக்கி, புக்குக்கு இன்னொரு காட்சி கொடுத்திருக்கலாம்.