சாயப்பட்டறைகளுக்கான ‘நோட்டீஸ் பதில்’ சேவை: கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது?

திருப்பூர், ஈரோடு, பெருந்துறைப் பக்கம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஷோகாஸ் நோட்டீஸ் (‘ஏன் உங்கள் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது?’ என்று கேட்கும் கடிதம்) ஒரு பட்டறைக்கு வந்த அன்றைக்கே யாராவது ஒரு கன்சல்டன்ட் பெயர் காதில் விழுந்துவிடும். நோட்டீஸுக்குப் பதில், டி.இ.இ. (வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர்) அலுவலகத்தில் ஆஜர், தேவைப்பட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தில் அப்பீல். மூன்றையும் ஒரே பேக்கேஜாகத் தருகிறார்கள். எந்த ஆபீஸையும் குறிப்பிடாமல், இந்தச் சேவையில் எது உருப்படி, எது வெறும் காகிதம் என்று பார்க்கலாம். பதில் எழுதும் வேலைக்கு 5க்கு 2. வாரியம் வந்து கழிவுநீர் மாதிரி எடுக்கும் நாளுக்கு ஆட்களைத் தயார் செய்யும் வேலைக்கு, அதைச் செய்துகொடுக்கும் ஆபீஸ் கிடைத்தால், 5க்கு 4 தாராளமாகக் கொடுக்கலாம்.

முதலில் அந்தப் பதில். பெரும்பாலும் ஒரே அச்சுதான். ‘சிறிய யூனிட், இத்தனை குடும்பங்கள் நம்பியிருக்கின்றன, வங்கிக் கடன் இருக்கிறது, பக்கத்துப் பட்டறையும் கழிவை வெளியே விடுகிறது.’ இதில் ஒன்றுகூடச் சட்டத்தின் முன் நிற்காது. சுத்திகரிக்க வசதியில்லை என்ற வாதத்தைக் கான்பூர் தோல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1987இலேயே தள்ளிவிட்டது. குறைந்தபட்சக் கூலி கொடுக்க முடியாத தொழில் எப்படி நடக்கக் கூடாதோ, அப்படியே முதல்நிலைச் சுத்திகரிப்பு வைக்க முடியாத ஆலையும் நடக்கக் கூடாது என்றது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது 1996 வேலூர் தீர்ப்பில் உறுதியானது. திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது பற்றிய வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றமும் அதே வழியில் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னபோது வேலைவாய்ப்பு வாதம் காப்பாற்றவில்லை. நொய்யல் மேல் உள்ள ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் போனதைக் கண்ணால் பார்த்த ஊரில் அந்த வாதத்தை மறுபடி எழுதிக் காசு வாங்குவது சரியில்லை.

இன்னொரு வரி இதைவிட ஆபத்து: ‘மோட்டார் பழுதானதால் தவிர்க்க முடியாமல் வெளியேறியது.’ 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 31ஆவது பிரிவுப்படி, விபத்தாலோ எதிர்பாராத நிகழ்வாலோ கழிவு வெளியேறினால் பொறுப்பாளர் உடனே வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அன்றைக்குத் தெரிவிக்காமல் நோட்டீஸ் வந்தபிறகு இதை எழுதினால், வெளியேறியதையும் ஒப்புக்கொண்டு, தகவல் சொல்லாததையும் ஒப்புக்கொண்டதாகிறது. அன்றே மின்னஞ்சல் அனுப்பி, கழிவைத் தேக்கி வைத்ததற்கும் ப்ராசஸை நிறுத்தியதற்கும் பதிவேடு இருந்தால், அதே வரி நல்ல வாதம். உங்கள் கன்சல்டன்ட் இந்த வித்தியாசத்தைக் கேட்டாரா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் வரைவில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சேவையின் உண்மையான மதிப்பு அதே சட்டத்தின் 21ஆவது பிரிவில் இருக்கிறது. கழிவுநீர் மாதிரியின் ஆய்வு முடிவு வழக்கில் சாட்சியாக ஏற்கப்பட வேண்டுமானால், மாதிரி எடுக்கும் அதிகாரி அந்த இடத்திலேயே, மாதிரியை ஆய்வுக்கு அனுப்பப் போவதாக, உரிய படிவத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பட்டறைக்காரர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரண்டு கேனுக்கும் அடையாளம் இட்டு, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஒன்று வாரியத்தின் லேபுக்கு. இரண்டாவது, நீங்கள் கேட்டால், 52ஆவது பிரிவின்படி அரசு குறிப்பிட்ட லேபுக்கு. இரண்டு முடிவும் மாறுபட்டால் இந்த இரண்டாவது லேபின் முடிவே செல்லும் என்று 22ஆவது பிரிவு சொல்கிறது. அந்த ஆய்வுச் செலவு மட்டும் உங்களுடையது. 1986இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு பாட்டிலிங் கம்பெனி வழக்கில் 21ஆவது பிரிவு பின்பற்றப்படவில்லை என்று வாரியத்தின் முடிவை ஏற்க மறுத்தது.

சிக்கல் எங்கே என்றால், பிரித்துக் கொடுங்கள் என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காமல் நின்றால் ஒரே கேனில் எடுத்து, அதிகாரி மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பினாலும் சட்டப்படி செல்லும். நோட்டீஸைக் கையில் வாங்கிக்கொண்டு ஆளே ஒளிந்துகொண்டால் இன்னும் மோசம்: நிலைமை முழுக்க அதிகாரி எழுதும் குறிப்பின் கைக்குப் போய்விடும். முதலாளி வெளியூரில் இருக்க, அதிகாரி நீட்டிய காகிதத்தில் இ.டி.பி. (பட்டறையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) ஆபரேட்டர் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். நல்ல ஆபீஸ் என்றால் அந்த ஆபரேட்டருக்கும் சூப்பர்வைசருக்கும் ஒரு பக்கத் தாள் எழுதிக் கொடுத்து, வாரியம் வருவதற்கு முன்பே ஒருமுறை ஒத்திகை பார்க்கும். அந்தத் தாளில் இருக்க வேண்டியவை: பிரித்துத் தரும்படி எழுத்தில் கோரிக்கை, மாதிரி எடுத்த இடமும் நேரமும், ஐஸ் பெட்டி இருந்ததா, சி.ஓ.டி. (நீரிலுள்ள மாசைக் காட்டும் ஒரு அளவு) பார்க்கும் கேனில் கந்தக அமிலம் விட்டு பி.எச். 2க்குக் கீழே கொண்டுவந்தார்களா, போட்டோ. எடுத்த இடம் மிக முக்கியம். ஈக்வலைசேஷன் டேங்கில் (சுத்திகரிப்புக்கு முன் கழிவு சேரும் தொட்டி) எடுத்த பச்சைக் கழிவை, சுத்திகரித்தபின் வெளியேறும் நீருக்கான பி.ஓ.டி. (இன்னொரு மாசு அளவு) 30, சி.ஓ.டி. 250 மில்லிகிராம் (லிட்டருக்கு) அளவோடு ஒப்பிட்டால் அதைத் தைரியமாக எதிர்க்கலாம். நான்கு நாள் கழித்துத் தனியார் லேபில் நல்ல ரிசல்ட் வாங்கி இணைப்பதால் ஒரு பயனும் இல்லை. அது வேறு நாளின் தண்ணீர்.

பூஜ்ய வெளியேற்றக் கன்சென்ட் (கழிவுநீரை வெளியே விடாமல் இயங்க வாரியம் தரும் அனுமதி) உள்ள பட்டறைக்கு இந்த வாதங்களும் பாதிதான் உதவும். அங்கே வெளியேறவே கூடாது என்பதால் எத்தனை மில்லிகிராம் என்பது கேள்வியே இல்லை. தண்ணீர்க் கணக்குதான் பேசும். உதாரணமாக நாளுக்கு 100 கிலோலிட்டர் கழிவு ஆர்.ஓ. வடிகட்டிக்குப் போய் 85 சுத்த நீராகத் திரும்பி வந்தால், மிச்சம் 15 அதைக் காய்ச்சி வற்றவைக்கும் எவாப்பரேட்டருக்குப் போயிருக்க வேண்டும். அதன் மீட்டர் 6 காட்டினால் மற்ற 9 எங்கே? இதற்கு எந்த வக்கீலாலும் பதில் எழுத முடியாது. ஃப்ளோ மீட்டர் ரீடிங், இ.டி.பி.க்கான தனி கரண்ட் மீட்டர், உப்பு மூட்டைக் கணக்கு மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று முதல் நாளே சரிபார்க்கும் கன்சல்டன்டுக்குக் கொடுக்கிற காசு வீணாகாது.

அப்பீலில் நடக்கும் தவறு கொடுமையானது. 33ஏ பிரிவில் மூடச் சொல்லியோ கரண்டைத் துண்டிக்கச் சொல்லியோ உத்தரவு வந்தால், 33பி படி பசுமைத் தீர்ப்பாயத்துக்கு, நமக்குச் சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வுக்கு, 30 நாளில் போக வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை ஏற்கலாம். அதற்குமேல் கதவு மூடிவிடும். 28ஆவது பிரிவின் மேல்முறையீட்டு அதிகாரி, கன்சென்ட் மறுப்பு, நிபந்தனை போன்ற கன்சென்ட் உத்தரவுகளுக்குத்தான். இரண்டையும் குழப்பி, தவறான இடத்தில் மனுப் போட்டு நாளைத் தின்றுவிடும் ஆபீஸ்கள் உண்டு.

மாசுக்காக வாரியம் பணம் கேட்டு அனுப்பும் இழப்பீட்டு நோட்டீஸில் கணக்கை உடைத்துப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். மத்திய வாரியத்தின் சூத்திரப்படி சிவப்பு வகைக்கு (அதிக மாசு தரும் தொழில்கள்) 80, ரூபாய்க் காரணி 250, சிறு தொழிலுக்கு 0.5, பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகைக்கு 1: பெருக்கினால் நாளுக்கு 10,000 ரூபாய். மற்ற எண்களில் அசைக்க அதிகம் இல்லை, நாட்களின் எண்ணிக்கையில்தான் சண்டை. சரிசெய்த அன்றே வாரியத்துக்கு எழுதி மறு ஆய்வு கேட்டிருந்தால், அதிகாரி 20 நாள் தாமதமாக வந்ததற்கான இரண்டு லட்சத்தை எதிர்க்க இடம் உண்டு. ‘வாரியத்துக்கு இழப்பீடு விதிக்க அதிகாரமே இல்லை’ என்ற பழைய பத்தி இன்னும் பல பதில்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்ட் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதிகாரம் உண்டு என்றும், ஆனால் உரிய விதிகள் வகுத்தபிறகே அதைப் பயன்படுத்த வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. இனி எழுத வேண்டியது அந்த இரண்டாவது பாதியை.

பார்ட்னர்களுக்கு 47ஆவது பிரிவு: தனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க எல்லா முயற்சியும் எடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது. ஆபரேட்டர் கேட்ட டோசிங் பம்ப்புக்குக் (சுத்திகரிப்பில் ரசாயனம் விடும் பம்ப்) கையெழுத்திட்ட பர்சேஸ் ஆர்டர் இருந்தால் அது சாட்சி. ‘எனக்குத் தெரியாது’ என்ற அஃபிடவிட் மட்டும் சாட்சி ஆகாது.

இரவில் பைபாஸ் வால்வைத் திறந்து கழிவைச் சுத்திகரிக்காமல் வெளியே விடுகிறவர்களுக்கு இந்தச் சேவையைச் சிபாரிசு செய்ய மாட்டோம். கீழே கிணற்றுத் தண்ணீரை நம்பி விவசாயம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: பதிலோடு என்னென்ன இணைப்பீர்கள்? லாக் புக் நகல், மீட்டர் ரீடிங், மாதிரி எடுத்த அன்று கொடுத்த கோரிக்கைக் கடிதம் என்று பட்டியல் வந்தால் உட்கார்ந்து பேசுங்கள். ‘அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.