ஹூலாவுக்கு எந்த கிட்டார்: ஸ்லாக் கீயா, ஸ்டீலா?

முதலில் ஒன்று. ஹவாய்த் தீவுகளின் நடனமான ஹூலாவின் பழைய வடிவம் காஹிகோ; அதில் கிட்டாரே கிடையாது. மந்திரம் போன்ற ஓதலும், சுரைக்குடுக்கையும், சுறாத்தோல் போர்த்திய பஹு முரசும்தான். கிட்டார் வருவது பிற்கால வடிவமான ஆவானாவில்.

1830-களில் மாடு மேய்க்கக் கற்றுக்கொடுக்க வந்த மெக்சிகோக்காரர்களோடு ஹவாய்க்குக் கிட்டார் வந்தது. உள்ளூர்க்காரர்கள் தந்திகளைத் தளர்த்தித் தங்களுக்கேற்ற சுருதிகளை அமைத்தார்கள். அதுதான் ஸ்லாக் கீ. கட்டைவிரல் கீழ்ச்சுரங்களை விடாமல் நடத்த, மற்ற விரல்கள் மெட்டைப் பின்னும். ஒரே ஆள் வாசித்தாலே தாளமும் பாட்டும் கிடைத்துவிடும். ஹவாய்க் கிட்டார் கலைஞர் கேபி பஹினுயி 1940-களில் இதை இசைத்தட்டில் பதிந்த பிறகுதான் வெளியாருக்குத் தெரிய வந்தது. அதுவரை குடும்பத்துக்குள்ளேயே காத்துவந்த கலை.

ஸ்டீல் கிட்டாரின் பிறப்பு வேறு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெகுகு என்ற இளைஞர் கிட்டாரை மடியில் படுக்கவைத்து, தந்திகள்மேல் இரும்புத் துண்டைச் சறுக்கி வாசித்தார். நம் கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு அந்த இழைவு உடனே பிடிபடும்.

மேடையில் ஸ்டீல் தனியாக நிற்காது. தாளத்துக்கு இன்னொரு கிட்டாரோ, உகுலேலே என்ற சிறிய நான்கு தந்தி வாத்தியமோ வேண்டும். ஆனால் பாடகர் அடியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தை நிரப்ப அதற்கு நிகரில்லை. பெரிய அரங்கு, கூட்ட நடனம் என்றால் ஸ்டீல்தான். ஒருவர் மட்டும் ஆடுகிறார், கை சொல்லும் கதையைப் பார்க்க வேண்டும் என்றால் என் தேர்வு ஸ்லாக் கீ.