குமரி வெளிச்சத்துக்கு எந்த பிலிம்: கோல்டு 200-ஆ, அல்ட்ராமேக்ஸ் 400-ஆ?

வார்ம் டோன் (மஞ்சளும் சிவப்பும் சாய்ந்த இதமான நிறம்) தரும் கலர் நெகட்டிவ் (நிறங்கள் தலைகீழாகப் பதியும்) பிலிம்களில் அன்றாடப் படங்களுக்குப் பலரும் நாடுபவை கோடாக்கின் கோல்டு 200, அல்ட்ராமேக்ஸ் 400 ஆகிய இரண்டும் ஆகும். வேகத்தில், அதாவது ஒளியை உணரும் திறனில், ஒரு ஸ்டாப் (இரு மடங்கு) மட்டுமே வேறுபாடு என்றாலும், கடற்கரை வெயிலும் ரப்பர் தோட்டத்து நிழலும் அருகருகே உள்ள குமரி மாவட்டத்தில் அந்த ஒரு ஸ்டாப்பே தேர்வைத் தீர்மானித்துவிடுகிறது.

முட்டத்துச் செம்மண் மேடு, தோவாளைச் சந்தையில் குவியும் கேந்திப்பூ, மாலை வெயில் படிந்த ஓட்டுக்கூரை ஆகியவற்றுக்குக் கோல்டு 200-ஐயே பரிந்துரைப்பேன். அதன் கிரெயின் (படத்தில் தெரியும் துகள்) நுண்மையானது, மஞ்சளும் சிவப்பும் திகட்டாமல் செழித்து வருகின்றன. கலர் நெகட்டிவ் கூடுதல் ஒளியை எளிதில் தாங்கும். ஒளி குறைந்தாலோ நிழற்பகுதிகள் கலங்கி, நிறம் பிசகிவிடும் என்பதால், கேமராவில் ஐஎஸ்ஓ-வை (பிலிம் வேக எண்ணை) 200-க்குப் பதில் 100-இல் வைத்து ஒரு ஸ்டாப் கூடுதலாக ஒளி கொடுப்பது நல்லது. நல்ல வெயிலில் லென்ஸ் துளை எஃப்/11, ஷட்டர் 1/250 நொடி என்பது ஏறக்குறைய அந்த அளவுதான்.

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலும் பத்மநாபபுரம் அரண்மனையின் மரக்கூடங்களிலும் கதை மாறுகிறது. இலைகளில் பட்டு வரும் பச்சை ஒளியில் கோல்டு 200-க்கு வெளிச்சம் போதாமல் போனால், நாம் தேடிய வார்ம் டோனே முதலில் காணாமல் போகும். அங்கே கிரெயின் சற்றுத் தடித்திருந்தாலும் அல்ட்ராமேக்ஸ் 400 கைகொடுக்கும். நிழற்பகுதியைப் பார்த்து ஒளியை மீட்டரில் அளந்தால் போதும்.

கலர்பிளஸ் 200 விலை குறைந்த மாற்று, அவ்வளவே. போர்ட்ரா 400 தோல் நிறத்தை மிக மென்மையாகத் தரும். ஆனால் தேநீர்க்கடையையும் பேருந்து நிலையத்தையும் எடுக்க அந்த விலை வீண் என்பதே என் கருத்து. 120 என்ற அகலமான பிலிம் போடும் கேமரா வைத்திருப்போருக்கு இந்தக் குழப்பமே இல்லை: 2022 முதல் கோல்டு 200 அந்த அளவிலும் கிடைக்கிறது, அல்ட்ராமேக்ஸ் 35 மி.மீ. அளவில் மட்டுமே உண்டு.

எல்லாமே கலர் நெகட்டிவுக்கான சி-41 என்ற ரசாயன முறையில் கழுவப்படுபவை. ஆனால் நெகட்டிவின் நிறம் ஸ்கேனில்தான் படமாக உருப்பெறுகிறது. தானியங்கி நிறத்திருத்தம் மஞ்சளைத் துடைத்துவிடும் என்பதால், அதை அணைத்து ஸ்கேன் செய்யும்படி லேபில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ரோலைப் பாதியில் மாற்றுவது தொல்லை என்பதால், பருவத்தைப் பார்த்துப் போடுவதே வசதி: மாசி முதல் சித்திரை வரை கோல்டு 200, ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் அல்ட்ராமேக்ஸ் 400.