"சாப்பாடு கம்பெனிதான் தம்பி": சிங்கப்பூர் கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

"சாப்பாடு, தங்க இடம் ரெண்டும் கம்பெனிதான் தம்பி. சம்பளம் அப்படியே மிச்சம்." ஏஜென்ட் சொன்ன இந்த ஒரு வரியை நம்பித்தான் கடனை வாங்கிக்கொண்டு கட்டிட வேலைக்குச் சிங்கப்பூர் வந்தேன். பத்து மாதம் ஆகிறது. தங்க இடம் விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை. சாப்பாட்டில்தான் ஏமாந்தேன். அவர் பெயரையும் கம்பெனி பெயரையும் இங்கே போடவில்லை. இதே வசனத்தைச் சொல்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள், ஒருத்தர் பெயரைத் தெரிந்துகொண்டு என்ன செய்ய?

எனக்கு அடிப்படைக் கூலி நாளுக்கு 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஓ.டி. (ஓவர்டைம்) தனி. முதல் மாதச் சம்பளச் சீட்டில் "கேட்டரிங் 140" என்று பிடித்திருந்தார்கள். ஏழு நாள் கூலி. கணக்கில் ஏதோ தப்பு என்று நினைத்து சூப்பர்வைசரிடம் போய், "அண்ணே, சாப்பாடு கம்பெனின்னு சொன்னாங்களே" என்றேன். அவர் சிரித்தார். "கம்பெனி ஏற்பாடு பண்ணித் தரும்னுதான் சொல்லியிருப்பாங்க. காசையும் கம்பெனியே கொடுக்கும்னு யார் சொன்னா?"

யோசித்துப் பார்த்தால் ஏஜென்ட் அதைச் சொல்லவே இல்லைதான். நானாகச் சேர்த்துக்கொண்டேன். பிறகு விசாரித்ததில் தெரிந்தது: எங்களைப் போன்றவர்களின் வொர்க் பெர்மிட் விதியில், ஆளைப் பராமரிக்கும் செலவு முதலாளியுடையது என்று இருக்கிறது, அதற்குள்ளேயே "உணவு நீங்கலாக" என்றும் இருக்கிறது. வைத்தியச் செலவு அவர் பொறுப்பு, முறையான தங்குமிடத்துக்கும் அவர்தான் பொறுப்பு, சோறு மட்டும் நம் பொறுப்பு. இது ஏஜென்டுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

சரி, காசைக் கொடுத்தாவது நல்ல சாப்பாடா என்றால் அதுவும் இல்லை.

நாங்கள் தங்கும் டார்மிட்டரி (தொழிலாளர் விடுதி) வாசலில் காலை ஐந்து மணிக்கெல்லாம் பொட்டலங்கள் வந்து இறங்கிவிடும். காலைப் பலகாரமும் மதியச் சோறும் ஒரே பையில். நாங்கள் ஆறு மணி லாரியில் ஏறி சைட்டுக்குப் போய், பையை ஏதாவது கம்பியில் மாட்டிவிட்டு வேலையைத் தொடங்குவோம். கீழே வைத்தால் எறும்பு, சில சைட்டில் எலி. பன்னிரண்டு மணிக்குப் பிரிக்கும்போது சோறு கட்டிதட்டி இருக்கும், குழம்பு நுரைத்திருக்கும், கூட்டைத் திறக்க வேண்டாம், பொட்டலத்தைத் தூக்கும்போதே வாடை சொல்லிவிடும். ஒருநாள் பையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தேன். இரவு 1 மணிக்குச் சமைத்தது, காலை 5 மணிக்குள் சாப்பிடவும் என்று இருந்தது. சமைத்த நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது இங்கே கேட்டரிங் சாப்பாட்டுக்கு உள்ள விதி. ஸ்டிக்கர் ஒட்டி விதியைக் காப்பாற்றிவிட்டார்கள். எங்கள் மதியச் சோறு நாங்கள் லாரியில் ஏறுவதற்கு முன்பே காலாவதி!

மூன்றாவது மாதம் வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக இரண்டு நாள் படுத்துவிட்டேன். கிளினிக்கில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "சோறு எத்தனை மணிக்குச் சமைத்தது?" என்பதுதான். வெதுவெதுப்பில் கிடக்கும் சோற்றில் ஒரு கிருமி பெருகி நஞ்சை விட்டுவிடுமாம், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாதாம். மைக்ரோவேவில் வைத்துச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேட்டரிங் வேண்டாம் என்று சொன்னேன். பையை நிறுத்தினார்கள், பிடித்தத்தை நிறுத்தவில்லை. அடுத்த மாதமும் 140. ஆபீஸில் கேட்டால், வந்த முதல் நாள் நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்துக் காட்டினார்கள். அன்றைக்கு ஏழெட்டுக் காகிதம், எல்லாம் இங்கிலீஷ், பின்னால் வரிசையில் இருபது பேர். யார் படித்தார்கள்?

அறையில் ஒரு மூத்தவர், பன்னிரண்டு வருடமாக இங்கே இருப்பவர், ஞாயிற்றுக்கிழமை என்னை, எங்களைப் போன்றவர்களுக்கு உதவும் வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். அங்கேதான் விஷயம் புரிந்தது. இப்படிப் பிடிப்பதற்கு எழுத்துமூலம் சம்மதம் வேண்டும், கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், அதற்காக அபராதம் போடக் கூடாது. தேதி போட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், ஒரு நகலைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். அதற்கு அடுத்த மாதத்திலிருந்து பிடிக்கவில்லை. சாப்பிடாத மாதத்துக்குப் பிடித்த 140 இன்றுவரை வரவில்லை. மனிதவள அமைச்சுக்குப் போகலாம் என்கிறார்கள். பெர்மிட் புதுப்பிக்கும் நேரம் வருகிறதே என்று தயங்கிக்கொண்டிருக்கிறேன், அதை மறைக்கவில்லை.

அதனால் கிளம்புவதற்கு முன்பு ஐபிஏ கடிதத்தை, அதாவது வொர்க் பெர்மிட்டுக்கான முதற்கட்ட ஒப்புதல் கடிதத்தை, கையில் வாங்குங்கள். நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே, உங்களுக்குப் புரியும் மொழியில் அதை அனுப்ப வேண்டியது முதலாளியின் கடமை. அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், மாதாந்திரப் பிடித்தம் மூன்றும் அதில் இருக்கும். பிடித்தம் என்ற இடத்தை விரலை வைத்துப் படியுங்கள். அதில் இருப்பதைவிடப் பிடித்தத்தைக் கூட்ட வேண்டுமானால் உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும். எனக்கு ஐபிஏ வந்தது ஏர்போர்ட் வாசலில். அதையும் ஏஜென்ட் கவரில் போட்டு, "இமிகிரேஷன்ல கேட்டா மட்டும் எடு தம்பி" என்று சொல்லிக் கொடுத்தார். நானும் அதேபோல் கேட்டபோது மட்டும்தான் எடுத்தேன்.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய டார்மிட்டரி, பதினாறு பேர். 2021-இல் வந்த விதிப்படி புதிதாகக் கட்டும் விடுதிகளில் அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது, எங்களுடையது அதற்கு முன்னால் கட்டியது. மூட்டைப்பூச்சி உண்டு. ஆனால் பொதுச் சமையலறை இருக்கிறதா என்று மட்டும் வருவதற்கு முன்பே கேட்டு வையுங்கள், அதுதான் முக்கியம். இப்போது நாங்கள் ஐந்து பேர் கூட்டுச் சமையல். இரவு அடுப்புக்கு வரிசையில் நின்று, குளித்துச் சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்று ஆகிறது. தூக்கம்தான் குறைகிறது. ஆளுக்கு மாதம் 90 வெள்ளிக்குள் முடிகிறது, வயிறும் சரியாக இருக்கிறது.

அத்தை பையன் அடுத்த மாதம் வருகிறானாம், அதே ஏஜென்ட் வழியாக. "சாப்பாடு கம்பெனிதானாம் மாமா" என்று சந்தோஷமாகப் பேசினான். ஐபிஏவைப் போட்டோ எடுத்து அனுப்புடா என்று சொல்லி ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் வரவில்லை.