ஜேர்னி: இரண்டு மணித்தியால நடையும் எங்கள் ஊர் இணைப்பும்

மடிக்கணினி திருத்தப்பட்டு வீட்டுக்கு வந்த கிழமையிலேயே நண்பன் ஒருவன் கேட்டான்: "மச்சான், இரண்டு மணித்தியாலத்தில முடியிற கேமுக்கு இவ்வளவு காசு குடுக்கலாமோ?" அவன் கேட்டது ஜேர்னியைப் பற்றி. சில வருடங்களாக, பெரும்பாலும் மாரிகாலத்து இரவுகளில், நான் அதைத் திரும்பத் திரும்ப விளையாடி வருகிறேன் என்பது அவனுக்குத் தெரியும். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாமற்போனதால் இதை எழுதுகிறேன். 2012இல் ப்ளேஸ்டேஷன் 3க்காக வெளிவந்து, 2020இல் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடைக்கு வந்துசேர்ந்த கணினி விளையாட்டு இது; நடுத்தர மடிக்கணினியே தாராளமாகப் போதும். மற்ற விபரங்கள் கடைப் பக்கத்தில் இருக்கின்றன.

செய்வதற்கு அதில் அதிகம் எதுவும் இல்லை. செந்நிற அங்கி அணிந்த ஓர் உருவம் பாலைவன மணலில் எழுந்து நிற்கிறது. தொலைவில், உச்சி பிளந்து ஒளி வீசும் மலையொன்று தெரிகிறது. அங்கே போக வேண்டும், அவ்வளவுதான். துப்பாக்கி இல்லை, புள்ளிக்கணக்கு இல்லை, நேரக் கெடு இல்லை. கழுத்துச் சால்வையில் ஒளி இருக்கும்வரை சற்றே மேலெழுந்து பறக்கலாம். ஒளி தீர்ந்தால் மறுபடி நடை. இடைவழியில், உலகின் எங்கோ ஒரு மூலையிலிருந்து இதே இடத்துக்கு வந்துசேர்ந்த இன்னொருவர் எதிர்ப்படுவார். அவருடைய பெயர் தெரியாது, நாடு தெரியாது, பேசவோ எழுதவோ வழியில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் கீச்சென்று ஒரு கூவல் எழும். அழுத்திப் பிடித்தால் அது பெரிதாகும். இருவருக்கும் இருக்கிற மொழி அது ஒன்றுதான்.

அந்த ஒற்றைக் கூவலுக்குள் எவ்வளவு பேச முடிகிறது என்பது எனக்கு இன்னமும் அலுக்காத அதிசயம். சின்னதாக இரண்டு தரம் கூவினால் "இஞ்ச வா" என்று பொருள். நீட்டி ஒருதரம் கூவினால், பெரும்பாலும், "எங்க நிக்கிறாய்?" மணல்மேட்டின் மறைவில் இருக்கும் ஒளிச்சின்னத்தைக் கண்டுபிடித்த அனுபவசாலி அதனருகே நின்று விடாமல் கூவிக்கொண்டிருப்பார்; நாம் போய்த் தொடும்வரை அங்கிருந்து அசையமாட்டார். ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு நடந்தால் இருவர் சால்வையும் மறுபடி ஒளி பெறுகின்றன. பனிமலைப் பகுதியில், குளிரில் சால்வைகள் ஒளியிழந்துபோகும் இடத்தில், இந்தச் சின்ன விதிதான் எல்லாவற்றையும் தூக்கி நிறுத்துகிறது: எதிர்க்காற்று அடிக்கும்போது முன்பின் தெரியாத ஒரு மனிதரோடு ஒட்டிக்கொண்டு கல்லின் மறைவில் காத்திருப்போம், காற்று ஓய்ந்ததும் இருவரும் ஒரே நொடியில் வெளியே ஓடுவோம், அவர் பின்தங்கினால் திரும்பிப் போய் உரசிவிட்டு வருவோம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனாலும் எனக்கு வாய்த்த துணைகள் ஏறக்குறைய எல்லோருமே அப்படித்தான் நடந்துகொண்டார்கள்.

மனிதர் எல்லோரும் நல்லவர்கள் என்பதற்கு இதைச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முதலில் செய்த மாதிரியில் ஒருவரை ஒருவர் தள்ள முடிந்ததாகவும், தள்ள முடிந்ததும் ஆட்கள் மற்றவரைத் தள்ளி விழுத்துவதையே பொழுதுபோக்காக்கிக்கொண்டதால் அந்த வசதியையே எடுத்துவிட்டதாகவும், இதை உருவாக்கிய தட்கேம்கொம்பனியின் இணை நிறுவுநர் ஜெனோவா சென் கூறியிருக்கிறார். தள்ளுவதால் கிடைக்கும் பலனை எடுத்துவிட்டு, ஒட்டி நடப்பதால் ஒரு பலனை வைத்ததும், அதே மனிதர்கள் கண்ணியவான்கள் ஆகிவிட்டார்கள். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்கள் இதை வாசித்து ஒருதரம் சிரித்துக்கொள்ளலாம்.

சொற்கள் இல்லாமையின் மதிப்பை எனக்குக் காட்டித் தந்தவர் அம்மா. ஆங்கிலம் தெரியாதவர், கணினி விளையாட்டு என்றால் சுட்டுத்தள்ளுவது என்று நினைத்திருந்தவர். ஒருநாள் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உந்தப் பிள்ளை எங்க போகுது? கையில ஒரு பையும் இல்லை, தண்ணிப் போத்தலும் இல்லை" என்றார். நடந்தே ஊர் ஊராக இடம்பெயர்ந்த ஒருவருக்குத்தான் அந்தக் கேள்வி முதலில் வரும். மணலில் வரிசையாக நட்டிருந்த கற்களைக் கண்டபோது அவை என்னவென்று அவர் கேட்கவில்லை. இரண்டாவது உருவம் மேட்டின் மேலே தோன்றியதும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முடிவுவரை இருந்தார். ஒஸ்டின் வின்ட்டோரியின் இசைக்கு, அதிலும் தனித்து ஒலிக்கும் அந்தச் செல்லோவுக்கு, இதில் பெரும்பங்கு உண்டு. கிராமி விருதின் திரையிசைப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட முதல் வீடியோ விளையாட்டு இசை அதுதான்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். இணைப்பு அறுந்தால் ஜேர்னி அதைச் சொல்வதில்லை. முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுப் பக்கத்தில், 4ஜி ரவுட்டரை ஜன்னலோரத்தில் சாய்த்துவைத்து, கிடைக்கிற சிக்னலில் இணையம் பாவிக்கிற வீடு எங்களுடையது. காற்று சற்றுப் பலமாக அடித்தாலோ, மின்சாரம் ஒருகணம் போய் வந்தாலோ, இணைப்பு அறுந்துவிடும். அறுந்ததும் துணையாக வந்தவர் மறைந்துவிடுகிறார். திரையில் ஓர் அறிவிப்பும் வராது. இசை அப்படியே தொடரும், மணல் அப்படியே பறக்கும். அவராகவே எழுந்து போனாரா, என் ரவுட்டர் கைவிட்டதா என்று அறிய வழியே இல்லை. கொஞ்சத் தூரம் போனபின் அதே அங்கியில் இன்னொரு உருவம் எதிர்ப்படும். பழையவர்தான் திரும்பி வந்திருக்கிறார் என்று மகிழ்ந்து கூவிக்கொண்டே ஓடுவேன். கடைசியில், கூட வந்தவர்களின் பெயர்ப்பட்டியல் திரையில் வரும்போதுதான், ஒருவரோடு நடந்ததாக நான் நினைத்திருந்த வழியை நாலைந்து பேரோடு துண்டு துண்டாக நடந்திருக்கிறேன் என்று தெரியவரும்.

அந்தப் பட்டியலைவிட என்னை உறுத்துவது மறுபக்கம். அங்கே, எங்கோ ஒரு நாட்டில், பனிமலையின் நடுவில் என்னோடு ஒட்டிநின்ற ஒருவருக்கு நான்தான் திடீரென்று மறைந்துபோனவன். இவன் அலுத்துப்போய் எழுந்து போய்விட்டான் என்றே அவர் நினைத்திருப்பார். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணனோடு சேர்ந்து நடக்கலாமென்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. துணையை நாம் தெரிவுசெய்ய முடியாது, வருகிறவர்தான் வருவார்.

நியாயமாகப் பார்த்தால் இவையெல்லாம் தெரிந்தே செய்யப்பட்டவை. "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று ஒரு பெட்டி திரையின் நடுவில் வந்து விழுந்தால், அதுவரை கட்டிய மாயம் முழுவதும் அந்தக் கணமே கலைந்துவிடும் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். அண்ணனை அழைத்துவர முடிந்திருந்தால், நாங்கள் தொலைபேசியில் ஊர்க்கதை பேசிக்கொண்டேதான் நடந்திருப்போம். அந்தக் கூவலுக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் இந்த வடிவமைப்பு முழுவதும், பிரிந்து போகிறவர் தன் விருப்பத்தில்தான் போகிறார் என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது. இணைப்பு அறாத ஊரில் இருப்பவருக்கு அது ஓரளவு பொருந்தலாம்.

இப்போது காசுக் கதை. ஸ்டீமில் அதன் வழமையான விலை 14.99 அமெரிக்க டொலர். டொலர் இருநூறு ரூபாய் விற்ற காலத்தில் அது மூவாயிரம். 2022இல் ரூபாய் விழுந்து டொலர் முந்நூற்றறுபதைத் தொட்டபோது ஐயாயிரத்துக்கும் மேலே. விளையாட்டில் ஒரு மணலும் கூடவில்லை. நண்பன் மணித்தியாலக் கணக்குப் பார்ப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை, அந்தக் கணக்கை நான் மதிக்கவுமில்லை. அந்த இரண்டு மணித்தியாலத்தைச் செய்ய அந்தக் குழுவுக்கு ஏறக்குறைய மூன்று வருடம் பிடித்தது. முடியும் தறுவாயில் நிறுவனத்தின் கையில் காசே இருக்கவில்லை என்றும் சென் சொல்லியிருக்கிறார். நூறு மணித்தியால விளையாட்டுகளில் பெரும்பகுதி, குதிரையில் இங்கிருந்து அங்கே போய்ப் பட்டியலில் ஒன்றை வெட்டிவிட்டு வருவது. திருத்தக் கொடுத்த மடிக்கணினி வன்தட்டு மாற்றப்பட்டு வந்தபோது, அப்படியொன்றில் மாதக்கணக்காக நான் சேர்த்த வாள்களும் வீடுகளும் அழிந்துபோயிருந்தன. மறுபடி தொடங்க மனமில்லாமல் அதைவிட்டே விலகினேன். ஜேர்னியை அன்றிரவே முதலிலிருந்து தொடங்கினேன். அதில் இழப்பதற்கென்று பெரிதாக எதுவும் இருக்கவில்லை.

வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் காசைத் திருப்பித் தரும். குறுகிய விளையாட்டை முடித்துவிட்டு அந்த வழியில் காசை மீட்கும் யோசனையை நண்பன் மெல்ல எடுத்தான். தேத்தண்ணியைக் குடித்து முடித்தபின் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டி, ஒன்றுமில்லை என்று காசு கேட்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 2021இல் எமிகா கேம்ஸ் என்ற பெயரில் இயங்கிய ஒருவர், தன்னுடைய குறும் திகில் விளையாட்டை முடித்தவர்கள் பலர் இப்படிக் காசை மீட்டதால் இந்தத் தொழிலைக் காலவரையின்றி விடுவதாக அறிவித்தார். விதியை வைத்த கடைமீது எனக்குக் குறை உண்டு. அதற்காகக் காசை மீட்கும் அந்தத் தந்திரத்தை ஒத்துக்கொள்ளமாட்டேன்.

இதே வகையில் நான் விளையாடிய மற்றவற்றையும் அவன் கேட்டான். ஜேர்னியின் கலை இயக்குநர் மற் நாவா பின்னர் தனியாகப் போய் 2016இல் வெளியிட்ட அப்ஸூ, கடலுக்கடியில் நீந்துவது. முல்லைத்தீவுக் கரையில் வளரும் என் மருமகள் அதில் கதையைக் கவனிக்கவேயில்லை. ஒரு சுறாச் சிலையின்மேல் அமர்ந்து மீன்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் இடத்தில் நிறுத்திவைத்து, "இது திருக்கை, இது வலையில பட்டா விடோணும்" என்று எனக்குப் பாடம் எடுத்தாள். எடித் ஃபின்ச் என்ற பெண்ணின் குடும்ப வீட்டைச் சுற்றிவரும் விளையாட்டு 2018இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த விளையாட்டு விருதைப் பெற்றது. ஒரு கையால் மீன் தலை வெட்டிக்கொண்டே மறுகையால் கனவில் நடக்கும் அந்த ஒரு பகுதிக்காகவே வாங்கலாம், ஆனால் ஆங்கிலம் சரளமாக வாசிக்க வேண்டும். ஜேர்னியைச் செய்தவர்களே தரும் ஸ்கை என்ற விளையாட்டு, கைப்பேசியில் இலவசம், அதில் அண்ணனோடு கைகோத்துப் பறக்கவும் முடிகிறது. மெழுகுதிரி சேர்க்கச் சொல்லித் தினமும் கூப்பிடும் அந்த முடிவின்மை எனக்கு ஒத்துவரவில்லை.

பிறகு ஏ ஷோர்ட் ஹைக். அடம் ரொபின்சன்-யூ என்ற கனேடியர் 2019இல் வெளியிட்டது. அடுத்த வருடமே சுயாதீன விளையாட்டுகளுக்கான விழாவில் பெரும்பரிசு பெற்றது. கிளெயர் என்ற இளம் பறவை ஒரு முக்கியமான அழைப்புக்காகக் காத்திருக்கிறாள். அந்தத் தீவில் சிக்னல் கிடைப்பது மலையுச்சியில் மட்டும். அதனால் ஏறுகிறாள். இது யாருக்கோ கற்பனையாக இருக்கலாம். வெளிநாட்டு அழைப்பு வருமென்றால் பின்னேரத்தில் குளக்கட்டில் ஏறி, கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு அதில் விளக்க ஒன்றுமில்லை. உச்சியில் வரும் அழைப்பு யாருடையது என்பதை இங்கே எழுதமாட்டேன். தரவிறக்கம் மிகச் சிறியது, விலை ஜேர்னியின் பாதியளவு, முக்கியமாக, விளையாடுவதற்கு இணைய இணைப்பே தேவையில்லை.

ஆகவே நண்பனுக்கு என் தீர்ப்பு: ஜேர்னியை வாங்காதே. நான் விளையாடியவற்றில் அதற்கு நிகராக எதுவும் இல்லை, இன்றிரவும் விளையாடுவேன், இருந்தும் முழு விலைக்கு வாங்காதே. தனியாக நடந்தால் அது அழகான படம். துணையோடு நடந்தால்தான் அது ஜேர்னி. அந்தத் துணையை எங்கள் பக்கத்து இணைப்பு ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. ஏ ஷோர்ட் ஹைக்கை வாங்கு. ஜேர்னிக்கு விலைக்கழிவு அடிக்கடி வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கேட்காமல் வாங்கிவிட்டால், காற்றில்லாத இரவாகப் பார்த்து, கணினியின் புதுப்பிப்புகளை நிறுத்திவிட்டு, வீட்டில் வேறு யாரும் யூடியூப் பார்க்காத நேரத்தில் தொடங்கு. எங்கள் வீட்டில் அப்படியொரு நேரம் இதுவரை அமையவில்லை.