வேர்டிலில் முதல் சொல்: அடியூவா, கிரேனா?

ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சிக்குள் பிடிக்க வேண்டிய வேர்டில் விளையாட்டில் பலர் முதலில் போடுவது 'அடியூ' (ADIEU). ஏ, ஐ, இ, யூ என நான்கு உயிரெழுத்துகளை ஒரேயடியாகச் சோதித்துவிடலாம் என்பது கணக்கு. ஆனால் சொற்களைப் பிரித்துக் காட்டுபவை மெய்யெழுத்துகள்தான். ஏ, இ இரண்டும் மஞ்சளானாலும் (எழுத்து உண்டு, இடம் தவறு) ஏராளமான சொற்கள் மிஞ்சும். யூவில் முடியும் சொற்களோ மிக அரிது. அந்தக் கட்டம் பெரும்பாலும் வீண்.

என் தேர்வு 'கிரேன்' (CRANE). உயிரெழுத்து இரண்டுதான், ஆனால் ஆர் இரண்டாவதாக, ஏ நடுவில், இ கடைசியில் என எல்லாம் வழக்கமாக வரும் இடத்திலேயே இருப்பதால் பச்சை (எழுத்தும் இடமும் சரி) விழும் வாய்ப்பு அதிகம்.

இதிலும் ஒரு பொறி உண்டு. ஆர், ஏ, இ மூன்றும் பச்சையாகி, அடுத்து 'கிரேப்' (GRAPE) போட்டு ஜி-யும் பச்சையானால் GRADE, GRATE, GRAVE, GRAZE என நான்கு மிஞ்சும். ஒவ்வொன்றாகப் போட்டால் கடைசி முயற்சி வரை போக வேண்டிவரலாம். 'டிவட்' (DIVOT) போடுங்கள்: D, V, T மூன்றும் அதில் உண்டு. எதுவும் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறாவிட்டால் விடை GRAZE. கிடைத்த எழுத்துகளை அடுத்த முயற்சிகளிலும் பயன்படுத்தியே ஆக வேண்டிய ஹார்ட் மோடில் மட்டும் இந்த வழி செல்லாது.

அடியூவை விட மனமில்லாதவர்கள் இரண்டாவதாக 'ஸ்டோரி' (STORY) போடலாம். ஓரெழுத்துகூடத் திரும்ப வராது.